லான்ஃப்ரோதன் கல்லறை வழக்கு, 1888: ஒரு கிராமத்துச் சொலிசிட்டரின் கோப்பு

தோண்டிய குழியை மறுபடியும் மண் போட்டு மூடிவிட்டார்கள். வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

வட வேல்ஸில், மெரியோனெத்ஷயர் மாவட்டத்தில், லான்ஃப்ரோதன் என்றொரு சிற்றூர். (முதல் எழுத்தைத் தமிழில் சரியாக எழுத வழியில்லை. நாக்கை ‘ல’ சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு காற்றை மட்டும் ஊதினால் அந்த ஒலி வரும்.) 1888 வசந்தத்தில் அந்த ஊரில் ராபர்ட் ராபர்ட்ஸ் என்ற முதியவர் இறந்துபோனார். சிலேட்டுக் குவாரியில் உழைத்துக் காலம் தள்ளிய மனிதர். மகள் அவருக்கு முன்னால் போய்விட்டாள். அவள் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மகளின் கல்லறை ஊர் தேவாலயத்தைச் சேர்ந்த தோட்டத்தில் இருந்தது. குழியும் தோண்டியாகிவிட்டது.

அப்புறம்தான் சிக்கல். சடங்கை நடத்தப் போவது தாம் இல்லை, சேப்பல்காரர்களே (அரசு அங்கீகரித்த திருச்சபையில் சேராமல் தனி வழிபாட்டுக் கூடம் வைத்திருந்த கிறிஸ்தவர்கள்) தங்கள் முறைப்படி நடத்தப் போகிறார்கள் என்று குருவானவர் ரிச்சர்ட் ஜோன்ஸுக்குத் தெரியவந்தது. குழி மூடப்பட்டது. வேறு இடம் தருகிறேன் என்றார் அவர். அந்த இடம், தற்கொலை செய்துகொண்டவர்களையும் ஊர் பேர் தெரியாமல் செத்துக் கிடந்தவர்களையும் புதைக்கும் ஒதுக்குப்புறம்.

குடும்பத்தார் ஒரு சொலிசிட்டரிடம் போனார்கள். அவருக்கு வயது 25. சொந்தமாகத் தொழில் தொடங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பெயர் டேவிட் லாயிட் ஜார்ஜ்.

இந்தப் பெயர் வந்ததுமே கதை திசைமாறிவிடுகிறது. பின்னாளில் பிரிட்டனின் பிரதமரானவர், முதல் உலகப் போரின் பின்பாதியை நடத்தியவர் என்பதால், இந்த வழக்கை எழுதுகிற எல்லோரும் அதை ஒரு தலைவரின் முதல் கர்ஜனையாகவே எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் கர்ஜனையில் அவ்வளவு ஆர்வம் இல்லை. ஒரு சின்ன ஊர் சொலிசிட்டரின் மேசையில் தினமும் புரளும் காகிதங்களில் ஒன்றாக இந்த வழக்கைப் பார்த்தால் என்ன தெரிகிறது? என் பார்வையில் இது கேட்டை உடைத்து ஜெயித்த வழக்கு இல்லை. இருபத்து நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு வாய்மொழித் தானத்தையும், ஒரு காலவரம்புச் சட்டத்தையும், ஜூரி சொன்ன வார்த்தைகளையும் ஒழுங்காகப் பிடித்து வைத்திருந்ததால் ஜெயித்த வழக்கு.

சொலிசிட்டர் என்பவர் யார்

நம் ஊரில் ‘வக்கீல்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிற வேலை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இரண்டு தொழில்களாகப் பிரிந்திருக்கிறது. மேல்கோர்ட்டில் எழுந்து நின்று வாதாடுகிறவர் பாரிஸ்டர். கட்சிக்காரரை நேரில் பார்த்து, கதை கேட்டு, பத்திரம் எழுதி, நோட்டீஸ் அனுப்பி, சாட்சிகளைத் திரட்டித் தருகிறவர் சொலிசிட்டர். மாஜிஸ்திரேட்டுகள் முன்பும், 1846 சட்டத்தின்படி உருவான கவுண்டி கோர்ட்டுகளிலும் சொலிசிட்டரே வாதாடலாம். கிராமத்து ஆட்களுக்கு ‘வக்கீல்’ என்றால் சொலிசிட்டர்தான். பாரிஸ்டரைக் கண்ணால் காணாமலே பலர் வாழ்ந்து முடித்திருப்பார்கள்.

அந்தக் காலத்தில் இந்தத் தொழிலுக்குள் நுழைவது ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சுலபமில்லை. கல்லூரிப் பட்டம் இல்லாதவர் ஐந்து வருடம் ஒரு நிறுவனத்தில் பயிற்சி குமாஸ்தாவாக இருக்க வேண்டியிருந்தது. அந்தப் பயிற்சி ஒப்பந்தத்துக்கு அரசாங்க முத்திரைத்தாள் கட்டணம் மட்டுமே 80 பவுண்டு. லாயிட் ஜார்ஜின் அப்பா அவருக்கு ஒன்றரை வயதாகும்போதே இறந்துவிட்டார். வளர்த்தது தாய்மாமன் ரிச்சர்ட் லாயிட். லானஸ்டம்டுய் கிராமத்தில் செருப்புத் தைக்கிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளம் வாங்காத போதகர். அந்த மாமாவின் சேமிப்பு இந்தச் செலவில் கரைந்தது. நுழைவுத் தேர்வுக்கு லத்தீனும் பிரெஞ்சும் தேவைப்பட்டதால், மாமா தானே புத்தகத்தை வைத்துப் படித்து மருமகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். மாமா என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

பயிற்சி கிடைத்தது போர்த்மாடோக் துறைமுக ஊரில் பிரீஸ், ஜோன்ஸ் அண்ட் காசன் என்ற நிறுவனத்தில். அதன் தலைவர் எட்வர்ட் பிரீஸ், மாவட்ட நீதி நிர்வாகத்தின் எழுத்தர் பதவியையும் வகித்தவர், லிபரல் கட்சியின் தேர்தல் ஏஜென்டாகவும் இருந்தவர். அந்தக் காலத்து வேல்ஸ் சொலிசிட்டருக்கு இப்படி நாலைந்து தொப்பிகள் இருக்கும். மாஜிஸ்திரேட்டுகளுக்கு எழுத்தர், ஏழைகள் நலவாரியத்துக்கு எழுத்தர், ஜமீன் பண்ணைக்குக் கணக்கு, தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல். ஊரில் யாருக்கு எவ்வளவு கடன், யார் நிலத்தில் யார் குடியிருக்கிறார்கள், யாருக்கு ஓட்டு இருக்கிறது என்பதெல்லாம் ஒரே அலமாரியில் இருக்கும்.

1884-ல் லாயிட் ஜார்ஜ் இறுதித் தேர்வில் தேறினார். மூன்றாம் வகுப்பு. அடுத்த வருடம் கிரிக்கியெத் ஊரில் மாமா வீட்டுப் பின்னறையில் தொழிலைத் தொடங்கினார். 1887-ல் தம்பி வில்லியம் ஜார்ஜும் சொலிசிட்டராகிச் சேர்ந்துகொண்டார். தம்பி தேறியது முதல் வகுப்பில். இதை மறந்துவிட வேண்டாம்.

மேசைமேல் என்ன இருந்தது

லான்ஃப்ரோதன் வழக்கு மாதிரி ஒன்று எப்போதாவதுதான் வரும். மற்ற நாட்களில் வருவது வேறு. மலையடிவாரத்துக் குடியானவர் வருவார்: பக்கத்துப் பண்ணைக்காரர் ஆடு என் சுவரைத் தாண்டுகிறது என்பார். விதவை வருவார்: புருஷன் எழுதிய உயிலில் வீடு யாருக்கு என்று தெளிவில்லை. கடைக்காரர் வருவார்: மாவும் தேயிலையும் கடன் வாங்கிய குவாரித் தொழிலாளி இன்னும் தரவில்லை, கவுண்டி கோர்ட்டில் சம்மன் அனுப்ப வேண்டும். சேப்பல் மூப்பர்கள் வருவார்கள்: புதுக் கட்டடத்துக்குக் கடன் வாங்கியிருக்கிறோம், அறக்கட்டளைப் பத்திரத்தில் யார் யார் கையெழுத்துப் போடுவது?

போர்த்மாடோக் பக்கத்துக்கே உரிய ஒரு வேலை உண்டு. பிளைனாய் ஃபெஸ்டினியாகிலிருந்து 1836 முதல் சின்ன ரயிலில் இறங்கி வந்த சிலேட்டு, அந்தத் துறைமுகத்தில் பாய்மரக் கப்பல்களில் ஏறி உலகமெங்கும் போனது. பிரிட்டிஷ் சட்டப்படி ஒரு கப்பலின் உரிமை 64 பங்காகப் பிரியும். அந்தப் பங்குகளை மாலுமி, மளிகைக்காரர், குவாரித் தொழிலாளி, போதகர் என்று ஊரே பிரித்து வாங்கி வைத்திருந்தது. ஒருவர் இறந்தால் ‘அறுபத்து நான்கில் ஒன்று’ யாருக்கு என்ற கேள்வியோடு குடும்பம் சொலிசிட்டர் வாசலில் நிற்கும். நம் ஊர் கிணற்றுப் பங்கு, தோப்புப் பங்கு தகராறுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தலைவலி புரியும்.

கட்டணம்? ஒரு சந்திப்புக்கு வழக்கமாக 6 ஷில்லிங் 8 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ் இருந்த காலம். 6 ஷில்லிங் 8 பென்ஸ் என்றால் 80 பென்ஸ், சரியாக மூன்றில் ஒரு பவுண்டு. ‘ஆறும் எட்டும்’ என்றாலே சொலிசிட்டர் கூலி என்று எல்லோருக்கும் தெரியும். கேட்கச் சின்னத் தொகைபோல இருந்தாலும், கூலிக்காரருக்கு ஒருநாள் சம்பளத்தைவிட அதிகம். அதனால் வசூல் ஆகாத கணக்குப் புத்தகம் இல்லாத சொலிசிட்டர் அலுவலகமே இல்லை.

பெயர்க் குழப்பம் வேறு. அப்பாவின் பெயரையே பின்னால் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்திலிருந்து குடும்பப் பெயர்கள் உருவான நாடு அது. விளைவாக எங்கே பார்த்தாலும் ஜோன்ஸ், ராபர்ட்ஸ், வில்லியம்ஸ், டேவிஸ். இந்த வழக்கிலேயே பாருங்கள், இறந்தவர் ராபர்ட் ராபர்ட்ஸ். ஊரில் ஆளைப் பண்ணை வீட்டின் பெயரைச் சொல்லியோ தொழிலைச் சொல்லியோதான் அடையாளம் காட்டுவார்கள். பத்திரம் எழுதுகிறவருக்கு அந்தப் பண்ணைப் பெயர்கள் எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். வெளியூர்க்காரர் வந்து கடை போட்டால் ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே மொழி. வீட்டில், சேப்பலில், சந்தையில், குவாரியில் எல்லாம் வெல்ஷ். கோர்ட்டில் ஆங்கிலம். எட்டாம் ஹென்றி காலத்தில், 1536-ல், வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்த சட்டமே நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்று விதித்துவிட்டது. அது மூன்றரை நூற்றாண்டு கழித்தும் உயிரோடு இருந்தது. ஆங்கிலம் தெரியாத சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதற்கான செலவைக் கட்சிக்காரரே ஏற்க வேண்டியிருந்தது. 1942-ல்தான் அது மாறியது. வெல்ஷ் தெரியாத ஒருவர் வெல்ஷ் பேசும் பகுதிக்குக் கவுண்டி கோர்ட் நீதிபதியாக வந்ததை எதிர்த்து, 1872-ல் ஆஸ்பர்ன் மார்கன் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்திலேயே பிரச்சினை எழுப்பினார். ஆக, சொலிசிட்டரின் பாதி வேலை மொழிபெயர்ப்பு. கட்சிக்காரர் வெல்ஷில் அழுததை ஆங்கிலத்தில் பிரமாணப் பத்திரமாக்க வேண்டும். ஆங்கிலத்தில் வந்த தீர்ப்பை வெல்ஷில் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

சேப்பலும் சர்ச்சும்

ஒரு பிணத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை என்று கேட்கலாம். அன்றைய வேல்ஸில் அரசு அங்கீகரித்த மதம் இங்கிலாந்துத் திருச்சபை. ஆனால் பெருவாரியான ஜனங்கள் போனது சேப்பலுக்கு: கால்வின் வழி மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், இன்டிபென்டென்ட். 1851 கணக்கெடுப்பிலேயே ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குப் போனவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் சேப்பல் பக்கம்தான். இருந்தும் விளைச்சலில் தசமபாக வரி சர்ச்சுக்குப் போனது. நிலமும் பெரும்பாலும் சர்ச்சைச் சேர்ந்த ஜமீன்களிடம். மாஜிஸ்திரேட் நாற்காலியிலும் அதே ஆட்கள். 1868 தேர்தலில் லிபரல் கட்சிக்கு ஓட்டுப் போட்டதற்காகக் குத்தகைக் குடிகளைப் பண்ணையை விட்டே துரத்தினார்கள். அப்போது ரகசிய வாக்கெடுப்பு கிடையாது. 1872-ல்தான் அது வந்தது.

செத்த பிறகும் இந்தக் கோடு அழியவில்லை. பல ஊர்களில் தேவாலயத் தோட்டம் ஒன்றே இடுகாடு. அதில் அடக்கம் நடக்க வேண்டுமானால் குருவானவர்தான் சடங்கு செய்ய வேண்டும். இதை மாற்றப் பத்து வருடம் நாடாளுமன்றத்தில் போராடியவர், மேலே சொன்ன அதே ஆஸ்பர்ன் மார்கன். அவர் ஒரு குருவானவரின் மகன் என்பதுதான் வேடிக்கை. 1880-ல் அடக்கச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. அதன்படி இறந்தவரின் தரப்பு குருவானவருக்கு 48 மணி நேரம் முன்னால் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தால் போதும். தோட்டத்துக்குள் தங்கள் போதகரைக் கொண்டே அடக்கம் செய்யலாம்.

சட்டம் வந்துவிட்டது. சரி, லான்ஃப்ரோதனில் என்ன தடை?

நிலத்தின் கதை

அந்தத் தோட்டம் முழுதும் ஒரே நிலம் இல்லை. பழைய பகுதி போதாமல் போனதால், 1864-ல் ஓவன் என்ற அம்மையார் பக்கத்திலிருந்த தன் நிலத்தில் ஒரு துண்டைக் கொடுத்தார். வாயால் கொடுத்ததுதான், பத்திரம் கிடையாது. ஊரார் சுவர் எழுப்பி அதைப் பழைய தோட்டத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். வருடக்கணக்கில் அங்கே அடக்கங்கள் நடந்தன. ராபர்ட்ஸின் மகள் இருந்ததும் அந்தப் புதுத் துண்டில்தான்.

1880 சட்டம் வந்த மறுவருடம், குருவானவர் ஜோன்ஸ் அம்மையாரிடம் போய் முறைப்படி ஒரு பத்திரம் எழுதி வாங்கினார். அதில் ஒரு நிபந்தனை இருந்தது: இந்த நிலத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் சடங்குப்படி மட்டுமே அடக்கம் செய்யலாம்.

குருவானவரை வெறும் வில்லனாகக் காட்டுவது வழக்கம். நான் கொஞ்சம் நியாயம் செய்ய விரும்புகிறேன். பத்திரம் என்ற அளவில் அவர் செய்தது கெட்டிக்காரத்தனமான வேலை. நிலத்தின் சொந்தக்காரர் நிபந்தனையோடு தானம் கொடுக்கலாம். வாய்மொழித் தானத்தால் நிலத்தின் உரிமை மாறாது. ஆக 1864-ல் நடந்தது சட்டத்தின் கண்ணில் ஒன்றுமே இல்லை, 1881-ல் நடந்ததே உண்மையான தானம் என்று அவர் சொன்னால், முதல் பார்வையில் எந்த வக்கீலும் தலையாட்டுவார். மனிதாபிமானத்தில்தான் அவர் தோற்றார், அதுவும் குழியை மூடிய அன்றே.

லாயிட் ஜார்ஜ் என்ன செய்தார்? ஊர்ப் பதிவேடுகளைப் பார்த்தார், 1864-ல் என்ன நடந்தது என்று விசாரித்தார். அவர் பிடித்த நூல் இது: பத்திரம் இல்லாவிட்டால் என்ன, ஊர் அந்த நிலத்தை இத்தனை வருடமாக அனுபவித்திருக்கிறதே?

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதில் நிற்காமல் போய்விடுகிறார்கள். எனக்கோ கோப்பிலேயே ருசியான இடம் இதுதான். பத்திரமில்லாமல் ஒருவர் நிலத்தை இன்னொருவர் வெளிப்படையாக அனுபவித்து வந்தால், குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு சொந்தக்காரர் உரிமை இழந்துவிடுவார். நம் இந்தியக் காலவரம்புச் சட்டத்திலும் தனியார் நிலத்துக்கு 12 வருடம் என்பது தெரிந்ததே. இங்கிலாந்தில் 1833 சட்டப்படி அது 20 வருடம். 1874-ல் புதுச் சட்டம் அதை 12 ஆகக் குறைத்தது. அது அமலுக்கு வந்த தேதி 1879 ஜனவரி 1.

இப்போது லான்ஃப்ரோதன் நிலத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள். சொந்தக்காரர் சம்மதத்தோடு, காலக்கெடு ஏதும் பேசாமல் உள்ளே வந்தவருக்கு முதல் வருடம் கணக்கில் சேராது. ஆக 1865-லிருந்து எண்ண வேண்டும். பழைய 20 வருடக் கணக்கில் அம்மையாரின் உரிமை 1885 வரை உயிரோடு இருந்திருக்கும். அப்படியானால் 1881-ல் அவர் எழுதிய பத்திரம் செல்லும், குருவானவர் ஜெயித்திருப்பார். புதுக் கணக்கில் 12 வருடம் 1877-லேயே முடிந்துவிட்டது. சட்டம் அமலான 1879 புத்தாண்டு தினத்தன்று அவருடைய உரிமை போய்விட்டது. 1881-ல் அவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோது கொடுப்பதற்கு அவரிடம் நிலமே இல்லை. கையில் இல்லாததற்கு நிபந்தனை எப்படிப் போடுவது? இரண்டே வருட இடைவெளியில் அந்தக் கிழவரின் கல்லறை தப்பியது.

கேட்டை உடைக்கச் சொன்ன வக்கீல்

நிலம் ஊருடையது என்றால் 1880 சட்டம் அதற்கும் பொருந்தும். ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது. லாயிட் ஜார்ஜ் தந்த யோசனை வெளிப்படையானது: குழியை மறுபடி தோண்டுங்கள், கேட் பூட்டியிருந்தால் உடைத்துக்கொண்டு போங்கள். அப்படியே செய்தார்கள். முதியவர் மகளின் பக்கத்தில், தன் சேப்பலின் முறைப்படி அடக்கமானார். குருவானவர் அத்துமீறி நுழைந்ததாகக் குடும்பத்தார் மீதும் ஊரார் மீதும் போர்த்மாடோக் கவுண்டி கோர்ட்டில் வழக்குப் போட்டார்.

இந்த யோசனையைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. பிணம் வீட்டில் கிடக்கிறது. தடையுத்தரவு வாங்க லண்டன் போய் வரும்வரை அது காத்திருக்காது. அதனால் அவசரம் நியாயமானது. ஒருமுறை அடக்கம் ஆகிவிட்டால் குருவானவர்தான் வாதியாகக் கோர்ட்டுக்கு வந்து தன் உரிமையை நிரூபிக்க வேண்டும் என்பதும் நல்ல தந்திரம். ஆனால் அந்த 12 வருட வாதம் தோற்றிருந்தால்? நஷ்ட ஈடும் இரு தரப்புச் செலவும் கூலிக்காரர்கள் தலையில் விழுந்திருக்கும். வக்கீலுக்கு என்ன, பெயர் கிடைத்திருக்கும். அவர் அந்த நாட்களிலேயே நாடாளுமன்றத்துக்குப் போகும் எண்ணத்தோடு இருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கட்சிக்காரரின் நலமும் வக்கீலின் ஆசையும் ஒரே திசையில் போனது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

ஒன்று சொல்லலாம், யோசனை குருட்டுத்தனமானது இல்லை. கேட்டை உடைக்கச் சொல்வதற்கு முன்னால் நிலத்தின் கதையை அவர் கையில் வைத்திருந்தார்.

ஜூரி சொன்னதும் நீதிபதி எழுதியதும்

கோர்ட்டில் லாயிட் ஜார்ஜ் ஜூரி கேட்டார். சாதாரணக் கவுண்டி கோர்ட் வழக்குகள் நீதிபதியே தீர்த்துவைக்கிறவை. ஆனால் இங்கே தீர்க்க வேண்டியது சட்டம் மட்டும் இல்லை, நடந்தது என்ன என்ற கேள்வியும்தான்: 1864-ல் அந்த அம்மையார் நிலத்தை ஊருக்குக் கொடுத்தாரா இல்லையா? அதைச் சொல்ல அந்த ஊர்ப்பக்கத்து ஆட்களைவிடத் தகுதியானவர்கள் யார்? ஜூரி குடும்பத்தாரின் பக்கம் நின்றது. நிலம் 1864-லேயே கொடுக்கப்பட்டுவிட்டது என்றது.

நீதிபதி ஜான் பிஷப் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு மாதம் வாய்தா. திரும்பி வந்தபோது குருவானவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். எப்படி? ஜூரி சொன்ன முடிவை அவர் தன் குறிப்பில் தவறாகப் பதிந்திருந்தார். அந்தக் குறிப்பை வைத்துச் சட்டத்தைப் பொருத்தினால் குருவானவர் ஜெயிக்கிறார்.

அது கவனக்குறைவா, பாரபட்சமா? சேப்பல் உலகம் பாரபட்சம் என்றே நம்பியது. நான் அதற்குள் போகவில்லை. தொழில்ரீதியாகப் பார்த்தால் விஷயம் இது: உண்மை பற்றிய முடிவு ஜூரியுடையது, மேல்கோர்ட் அதை லேசில் தொடாது. ஆகவே அப்பீலில் எல்லாமே ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறது, ஜூரி உண்மையில் என்ன வார்த்தை சொன்னது? அதை எழுதி வைக்காத வக்கீல் அங்கேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார்.

அப்பீல் லண்டனுக்குப் போனது. அன்று அங்கே சொலிசிட்டர் வாய் திறக்க முடியாது. பாரிஸ்டரை அமர்த்தி, குறிப்புகளைத் தயார் செய்து கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார வேண்டியதுதான். 1888 டிசம்பரில் தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் பிரபுவும் நீதிபதி மானிஸ்டியும் கேட்டார்கள். கவுண்டி கோர்ட் நீதிபதியின் பதிவு தவறு என்று ஏற்றார்கள். தீர்ப்பு தலைகீழானது. செலவுத்தொகையும் குருவானவர் தலையில்.

எட்டே மாதத்தில் லான்ஃப்ரோதனிலிருந்து லண்டன்வரை போய்த் திரும்பிய கோப்பு. இன்றைக்கு நம் கோர்ட்டுகளில் ஒரு பாகப்பிரிவினை வழக்குக்கு நோட்டீஸ் சேர்வதற்கே இந்தக் காலம் பிடிக்கிறது.

அதற்குப் பிறகு

தீர்ப்பு வந்த வேகத்தில் வேல்ஸ் முழுதும் அந்த இளைஞரின் பெயர் பரவியது. கார்னார்வன் நகரங்கள் தொகுதிக்கு லிபரல் வேட்பாளராகத் தேர்வானார். தொழிலையும் விடவில்லை. 1889-ல் நான்ட்லே ஏரியில் வலைபோட்டு மீன் பிடித்ததாக நான்கு குவாரித் தொழிலாளிகள் மீது வழக்கு வந்தபோது, சட்டம் ஆற்றைத்தான் சொல்கிறது, ஏரியைச் சொல்லவில்லை என்று வாதாடினார். அதை மேல்கோர்ட் தீர்மானிக்கட்டும் என்றார் பெஞ்சின் தலைவர். ஆமாம், அங்கேயாவது பாரபட்சமில்லாமல் தீர்மானிப்பார்கள் என்ற அர்த்தத்தில் இவர் பதில் சொல்ல, மாஜிஸ்திரேட்டுகள் கொதித்துப் போனார்கள். இதைக் கேட்டுச் சேப்பல் திண்ணைகளில் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று கற்பனை செய்து பார்க்கலாம்.

1890 ஏப்ரலில் இடைத்தேர்தல். எதிர்த்து நின்றவர் எல்லிஸ் நானி, லாயிட் ஜார்ஜ் வளர்ந்த லானஸ்டம்டுய் ஊரின் ஜமீன்தார். செருப்புத் தைப்பவரின் மருமகனுக்கு 1,963 ஓட்டு, ஜமீன்தாருக்கு 1,945. வித்தியாசம் 18.

இங்கேதான் தம்பியை மறுபடி அழைக்க வேண்டும். அப்போது நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. 1911-ல்தான் வருடத்துக்கு 400 பவுண்டு என்று வந்தது. அண்ணன் லண்டனில் பேசிக்கொண்டிருந்த அத்தனை வருடமும் அலுவலகத்தை நடத்தியது வில்லியம் ஜார்ஜ். சந்தை நாளில் கதவைத் திறந்து உட்கார்ந்தவர், உயில் எழுதியவர், கடைக்காரரின் பாக்கியை வசூலித்தவர், கப்பல் பங்கைப் பேர் மாற்றியவர் அவர். அந்த வருமானத்தில்தான் அண்ணன் வீட்டு அடுப்பும் எரிந்தது. ஆறு ஷில்லிங் எட்டு பென்ஸ்களாகச் சேர்ந்த பணம். முதல் வகுப்பில் தேறியவர் பின்னறையில் இருந்தார், மூன்றாம் வகுப்பில் தேறியவர் மேடையில் நின்றார்.

சர்ச்சின் அரசு அங்கீகாரம் 1914 சட்டத்தால் ரத்தாகி, போர் முடிந்த பிறகு, 1920 மார்ச் 31-ல் நடைமுறைக்கு வந்தது. அன்று பிரதமர் நாற்காலியில் இருந்தவர் லான்ஃப்ரோதன் சொலிசிட்டர்தான். 1945-ல் அவர் இறந்தபோது எந்தத் தேவாலயத் தோட்டத்திலும் புதைக்கவில்லை. லானஸ்டம்டுய் ஊரில் டுய்ஃபோர் ஆற்றங்கரையில் ஒரு பெரிய பாறைக்குக் கீழே அடக்கம் செய்தார்கள்.

தம்பி அதற்குப் பிறகும் இருபத்தொரு வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். நூறு வயதைத் தாண்டியும் அவர் சொலிசிட்டர்தான். 1967 தொடக்கத்தில், 101 வயதில் இறந்தார். வேல்ஸ் கோர்ட்டில் யார் வேண்டுமானாலும் விரும்பினால் வெல்ஷில் பேசலாம் என்ற சட்டம் அந்த வருடம் ஜூலையில் வந்தது.